டிராமாக்கொட்டாயின் மேற்கு எல்லை

ஆனி மாசக் கடைசி. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வரத்து கண்ணுமண்ணு தெரியாமல் இருந்தது. நஞ்சம்மா விடிவதற்குள் போய்க் குந்தினால் பகல் பதினோரு மணிவரை தலை நிமிர முடியாது. கல்லுமாதிரி இருப்பது ஒரு கிரேடுப் பெட்டியில், சென்னைக்கு. பாதி சிவந்தது இன்னொன்றில், பெங்களூருக்கு. கனிந்தது உள்ளூர் ஓட்டலுக்கு. வெடித்தது மாட்டுக்கு. கண் வேறெங்கோ இருந்தாலும் கை தானாகப் பிரித்துப் போடும். சாறு ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் புண். வீட்டுக்கு வந்து களி கிண்டிச் சூட்டோடு உருட்டும்போதுதான் அந்த எரிச்சலில் உயிர் போகும்.

அன்றைக்கும் அப்படிக் களியை உருட்டித் தட்டில் வைத்து, உப்புச்சாறு ஊற்றப்போன நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முப்பது வயசு இருக்கும் பெண். கழுத்தில் அட்டை, கையில் போன், தோளில் கனத்த பை.

“அக்கா, டிராமாக்கொட்டாய் வீடுங்கறாகளே, இதுதானா?”

நஞ்சம்மா சாறுச் சட்டியைக் கீழே வைத்தாள். கொத்தூரப்பள்ளியில் அந்த வீட்டுக்கு அதுதான் பேர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டின இடம். எந்தக் காலத்திலோ அங்கே கீற்றுக் கொட்டாய் போட்டு நாடகம் நடந்ததாம். கொட்டாய் பிரிந்துபோன பிறகு பத்து வருசம் முள்ளு முளைத்துக் கிடந்த இடத்தில் அவள் மாமனார் குடிசை போட்டார். அதைத்தான் புருசன் திம்மப்பன் ஷீட் போட்ட வீடாக்கினான். அவள் அடுப்படி இருக்கும் கருங்கல் திட்டு, அந்த நாடக மேடையின் மிச்சம்.

பத்து நாளைக்கு முன்னால் இதேபோல ஒரு பகலில் குருமூர்த்தி வந்திருந்தார். மேற்குப் பக்கத்து நிலத்துக்காரர். கூட இரண்டு பேர், கையில் டேப். வரப்பு வழியாக வந்து, தாண்டி, வீட்டைச் சுற்றி அளந்தார்கள். “இதெல்லாம் எங்க தாத்தா நிலம். பாவம்னு விட்டு வச்சிருந்தோம். கம்பெனிக்காரன் குடோன் கேக்கறான். தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக்க சொல்லு உன் ஊட்டுக்காரன” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து திம்மப்பன், ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரே பாட்டு: “போனும் கையுமா எவன் வந்தாலும் வாய தொறக்காத.”

“நீங்க யாரு?” என்றாள் நஞ்சம்மா.

“என் பேர் ஜோதிமணி. ஊர் மதுரைப் பக்கம். பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. நாடு முழுக்க அந்தக் காலத்துல எங்கெங்க நாடகம் நடந்துச்சோ, அம்புட்டு இடத்தையும் கம்ப்யூட்டர் மேப்புல குறிக்கிறோம். பழைய லைசென்ஸ், நோட்டீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் தேடி எடுத்து, இடத்த நேர்ல பாத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி. இந்த மாவட்டத்துல மட்டும் அறுபத்தி மூணு.”

“குறிச்சு?”

“யார் வேணா பாக்கலாம். இங்க இப்படி ஒரு கொட்டகை இருந்துச்சுன்னு உலகத்துக்கே தெரியும்.”

உலகத்துக்கே தெரியும் என்றதும்தான் நஞ்சம்மாவுக்கு ராயக்கோட்டை மலையில் நட்டிருக்கும் போர்டு ஞாபகத்துக்கு வந்தது. பழைய கோட்டை, சர்க்கார் பாதுகாப்பில் இருப்பது, ஒரு கல்லைப் பெயர்த்தால் ஜெயில் என்று எழுதிய போர்டு. அதேமாதிரி ஒன்றை இங்கே நட்டுவிட்டால் குருமூர்த்தி விட்டாலும் சர்க்கார் விடாது. இந்தப் பெண்ணை அனுப்பினதே குருமூர்த்தியாக இருந்தால்?

“அய்யோ, இதில்லம்மா” என்றாள். “எங்க மாமனார் மொதல்ல ஏரிக்கிட்ட குடிசை போட்டிருந்தாரு. கொட்டாய் அங்கதான் இருந்துது. இங்க வந்தப்புறமும் ஜனங்க அந்தப் பேரையே வச்சு கூப்புட்டுக்கிட்டு கெடக்கறாங்கோ.”

சொன்னதோடு நிற்கவில்லை. களியை மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டி பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரைக்கே கூட்டிப் போனாள். மதகுக்குப் பக்கத்தில் எவனோ கொட்டி வைத்திருந்த கல் குவியலைக் காட்டி, “இதுதான் மேடைக்கல்லு” என்றாள். ஜோதிமணி நாலு பக்கமும் படம் எடுத்தாள். போனை அவள் வாயருகே நீட்டிப் பேரையும் ஊரையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள். திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்டு, “ரொம்ப உதவி பண்ணீக அக்கா” என்று நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திம்மப்பன் மூக்கண்டப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். இரும்பு உருக்கும் யூனிட்டில் பதினெட்டு வருசமாகக் கான்ட்ராக்ட் ஆள். புருவ மயிர் கருகிப்போய் முகமே வழித்துவிட்டது மாதிரி இருக்கும். விசயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

“நல்ல வேல பண்ணின. போய் ஏரித்தண்ணில போர்டு நடட்டும்.”

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. ஆவணியில் மண்டியில் தக்காளி குறைந்து கூலிநாளும் குறைந்தது. பட்டா கேட்டுத் திம்மப்பன் போட்டிருந்த மனு நகர்ந்து நகர்ந்து ஐப்பசியில் விசாரணைக்கு வந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் மாதேஸ்வரி வந்திருந்தாள். செல்போன் பாகம் பூட்டும் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். அம்மா சொன்ன ஏரிக்கரைக் கதையைக் கேட்டு, எப்படித்தான் போட்டிருக்கிறார்கள் பார்ப்போம் என்று போனில் தேடினாள். மேப் வந்தது. ஏரிக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டதும் பழைய காகிதம் ஒன்றின் படம் விரிந்தது. கொஞ்ச நேரம் படித்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, இது தாசில்தார் குடுத்த பர்மிஷனு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுவத்தி ஒண்ணு. நாடகக் கொட்டகை போட மூணு மாசத்துக்கு அனுமதி. செக்குபந்தி போட்டிருக்குது பாரு. வடக்கே ரோடு, கிழக்கே காலனிக்குப் போற பாதை, தெக்கே கெணறு, மேற்கே பட்டா புஞ்சை வரப்பு. இதுக்குள்பட்ட எடம், சர்க்கார் நத்தம்!”

திம்மப்பன் வாசலுக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தான். ரோடு இருந்தது. காலனிப் பாதை இருந்தது. தூர்ந்துபோனாலும் கிணறு இருந்தது. மேற்கே ஆவாரஞ்செடி மண்டிய வரப்பு இருந்தது. நத்தம் என்றால் குடியிருக்க விட்ட நிலம். குடியிருப்பவனுக்குத்தான் பட்டா. எவன் தாத்தாவுக்கும் சொந்தமில்லை.

“அப்போ இது நம்ம எடத்துக் காகிதம்” என்றான் மெதுவாக. நஞ்சம்மா போனை வாங்கிப் பார்த்தாள். காகிதம் அவர்கள் இடத்துக்கு. புள்ளி ஏரிக்கரையில்.

தாலுகா ஆபீஸில் அதுவேதான் நடந்தது. மழை பிடித்துக்கொண்ட நாள். திம்மப்பன் அந்தக் காகிதத்தைப் பிரிண்ட் போட்டு நீட்டினான்; அதன் நகல் ஒன்று முந்தின நாளே குருமூர்த்திக்கும் போயிருந்தது. விசாரித்த அதிகாரி ஒரு பெண். பொறுமையாகப் படித்தார். ஆட்சேபணை போட்டிருந்த குருமூர்த்தி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே மேப்.

“மேடம், அவன் காட்டற காகிதம் எந்த மேப்புல இருந்து வந்துச்சோ, அதே மேப்புதான் இது. ஆராய்ச்சி பண்ணவங்களே கொட்டாய் ஏரிக்கிட்டன்னு போட்டிருக்காங்க. இடத்த காட்டினது யாருன்னும் போட்டிருக்குது. படிங்க.”

அதிகாரி படித்தார். “தகவல்: நஞ்சம்மா, கொத்தூரப்பள்ளி.” நிமிர்ந்து பார்த்தார். “இது நீங்கதானேம்மா?”

“நான்தானுங்க. ஆனா அது பொய்யிங்க. பயத்துல சொன்னது.”

“அப்போ சொன்னது பொய், இப்போ சொல்றது நிஜம்னு நான் எப்படி எடுத்துக்கறது?” அதிகாரி கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. “வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நேர்ல வந்து பாக்கறேன். ரெண்டு பேரும் சாட்சி இருந்தா வச்சிருங்க. நாடகம் நடந்தத கண்ணால பாத்தவங்களா இருக்கணும்.”

பஸ்ஸில் வரும்போது திம்மப்பன் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான். பொய் சொன்ன அன்றைக்குச் சிரித்தவனும் அவன்தான். அதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜோதிமணிக்குப் போன் போட்டாள்.

“நான் நஞ்சம்மா பேசறன். ராயக்கோட்டைக்கிட்ட, டிராமாக்கொட்டாய்.”

“சொல்லுங்கக்கா! நல்லாருக்கீகளா?”

“உங்கிட்ட பொய் சொல்லிட்டன்மா. கொட்டாய் எங்க ஊட்டு எடத்துலதான் இருந்துது.”

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக. உங்க ஒரு பேச்ச நம்பித்தான் அந்தக் கல்லையெல்லாம் அளந்து எழுதினேன். ஒரு இடம் தப்புன்னா, நான் குறிச்ச அறுபத்தி மூணையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுவாக. எனக்கு மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுது.”

“எங்க ஊட்டுக்காரரும் கான்ட்ராக்டுதான்மா” என்றாள் நஞ்சம்மா. வேறென்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னாள். பிறகு குருமூர்த்தி வந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“வர்றேன்” என்றாள் ஜோதிமணி கடைசியில். “ஆனா திருத்தணும்னா ஏன் திருத்தினோம்னு எழுதணும். முதல்ல தப்பா காட்டினது நீங்கன்னு உங்க பேரோட அது அங்கயே கிடக்கும். அழிக்க மாட்டோம்.”

“கெடக்கட்டும்.”

“அப்புறம் உங்க பேச்சு மட்டும் பத்தாது. நாடகம் பாத்தவுக ஒருத்தர் வேணும்.”

கொத்தூரப்பள்ளியில் அந்த வயசில் நினைவு தப்பாமல் இருந்தவர் கங்கப்பன் ஒருவர்தான். காலனி ஆள். எழுபது தாண்டியவர். ஆனால் அவர் குருமூர்த்தியின் மாந்தோப்புக் காவல்காரர். தோப்புக்குள்ளேயே ஒரு கொட்டாயில் கிடை. நஞ்சம்மா மறுநாள் போனாள். மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“பேடம்மா” என்றார் கன்னடத்தில். வேண்டாம் என்று கையையும் ஆட்டினார். “இந்த வயசுல என்ன தோப்ப விட்டு தொரத்தினா நான் எங்க போவன்? மருமக ஊட்டு வாசல்லயா? நீ பாட்டுக்கு ஏரின்னு சொல்லிட்டு வந்துட்ட. இப்ப என் தலைய உருட்டற.”

நஞ்சம்மா கொண்டுபோன களியை வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வானம் வெளிவாங்கியிருந்தது. பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். கூட சர்வேயர். ஜோதிமணி பெங்களூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து முன்னாலேயே வந்து, அடுப்படித் திட்டை அளந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தையெல்லாம் நஞ்சம்மா வெளியே எடுத்து வைத்திருந்தாள். கருங்கல்லில் கம்பம் நடுகிற குழிகள் இரண்டு தெரிந்தன. இத்தனை வருசம் அதில் ஒன்றில் உப்பு ஜாடியும் இன்னொன்றில் புளிப்பானையும் வைத்திருந்தாள்.

குருமூர்த்தி காரில் வந்து இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது கங்கப்பன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திம்மப்பன் பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேடம், நாடகத்த கண்ணால பாத்த ஆள் இவன்தான்” என்றார் குருமூர்த்தி. “கேளுங்க.”

அதிகாரி முதலில் திட்டைப் பார்த்தார். “கல்லு எங்க வேணா இருக்கும், மேடம். இந்த ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?” என்றார் குருமூர்த்தி. சர்வேயரும் பழைய சர்வே நம்பர் எல்லாம் மாறிவிட்டது, காகிதத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்றார். அதிகாரி வரப்பைக் காட்டினார். “அது?”

“அது எங்க நிலத்துக்குள்ள இருக்கற நடுவரப்பு. இந்தப் பக்கமும் எங்களுதுதான், காலனிப் பாதை வரைக்கும்.”

அதிகாரி கங்கப்பனிடம் திரும்பினார். “பெரியவரே, நாடகக் கொட்டாய் எங்க இருந்துது?”

கங்கப்பன் குருமூர்த்தியைப் பார்த்தார். “ஏரிக்கிட்டங்க” என்றார். பொட்டில் அடித்தமாதிரி ஆகிவிட்டது திம்மப்பனுக்கு. அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஜோதிமணி கொஞ்சம் தயங்கி, “மேடம், எங்க படிவத்துக்கு நான் சில கேள்வி கேட்டுக்கலாமா?” என்றாள். கேட்டுக்கோ என்று தலையாட்டினார் அதிகாரி. அவள் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். கூரை என்ன? கீற்று. விளக்கு? பெட்ரோமாக்ஸ், நாலு. எந்த மாசத்தில் நடக்கும்? அறுப்பு முடிந்து, மாசி பங்குனியில்.

“எத்தன வயசுல பாத்தீக?”

“எட்டு, ஒம்போது, பத்து.”

“நீங்க எங்க உக்காந்து பாத்தீக?”

“உக்காரவா?” கங்கப்பன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். எழுபது வயசில் அவரை யாரும் அப்படி ஒன்று கேட்டதில்லை. “உள்ள பெஞ்சு, ஊர்க்காரங்களுக்கு. அதுக்குப் பின்னால மண்ணு, அதுவும் அவங்களுக்குத்தான். எங்கள உள்ள சேத்தலம்மா. தட்டிக்கு வெளிய நின்னுதான். கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. ஒரு நா நான் வரப்பு மேல ஏறிக்கினன். ஏறினா மேடை தெரியும்னு. பெரிய எஜமான் வந்து சாட்டக்குச்சில போட்டாரு பாரு, இங்க.” சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். தழும்பு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் விரல் சரியாக ஓரிடத்தில் போய் நின்றது. “மூணு நாளு எந்திரிக்கல.”

“எந்த வரப்புய்யா?” என்று கேட்டாள் ஜோதிமணி.

கங்கப்பன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கை ஏற்கெனவே மேற்கே நீண்டிருந்தது.

“டேய் கங்கா!” குருமூர்த்தியின் முகம் சிவந்துவிட்டது. “எங்க தாத்தாவ என்னான்னு நெனச்ச? சும்மா போறவன அடிக்கறதுக்கு அவருக்கு என்ன பைத்தியமா?”

“சும்மா போவல சாமி. டிராமா பாத்தன்.”

“எங்க வேணா நின்னு பாத்துட்டுப் போ, அவரு கேட்டாரா? ரோட்டுலேர்ந்து வரப்பு வரைக்கும் உங்காளுங்கதான் நிப்பீங்க. எவனையாவது ஒரு வார்த்த சொல்லியிருப்பாரா? வரப்பு மேல கால வச்சா அடிக்காம? எங்க நிலத்துல ஏறினா பாத்துக்கிட்டு இருப்பாரா?”

சொல்லி முடித்த பிறகு அவருக்கே கேட்டது.

“அப்போ வரப்புக்கு இந்தப் பக்கம் உங்க தாத்தா யாரையும் கேட்டதில்ல” என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே. “ஏரிக்கிட்ட நாடகம் நடந்திருந்தா, இந்த வரப்பு மேல ஏறினா மேடை தெரியாது. அதையும் எழுதிக்கறேன்.”

“மேடம், நான் சொல்ல வந்தது...”

“நீங்க சொன்னத அப்படியேதான் எழுதறேன். படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.” பிறகு நஞ்சம்மாவைப் பார்த்தார். “உங்க ஒரு பொய்யால எங்க வேலைய இத்தன நாளு இழுத்தடிச்சுட்டீங்க. தெரியுதா?”

“தெரியுதுங்க.”

சர்வேயர் திட்டிலிருந்து வரப்புவரை டேப் பிடித்தார். காகிதத்தில் இருந்த அளவுக்கு இரண்டடி குறைந்தது. அறுபது வருச மழையில் வரப்பு இடம்மாறி இருக்கும் என்றார். குருமூர்த்தி கையெழுத்துப் போடாமலே காரில் ஏறிப் போனார். கங்கப்பனை யாரும் ஏறச் சொல்லவில்லை.

குருமூர்த்தியின் ஆட்சேபணையைத் தள்ளி உத்தரவு வர மார்கழி ஆயிற்று. அவர் மேல்முறையீடு போனார். அது இன்னும் கிடக்கிறது. ஆனால் கையில் உத்தரவு வந்ததிலிருந்து யாரும் வந்து டேப் பிடிக்கவில்லை. ஜோதிமணியின் அறுபத்தி மூன்று இடங்களையும் மறுபடி சரிபார்க்கத்தான் சொன்னார்கள். இன்னும் இரண்டு தப்பு வந்ததாம். கான்ட்ராக்ட் ஆறு மாசம் நீட்டிப்பு என்று போனில் சொன்னாள்.

கங்கப்பனுக்குத் தோப்பு வேலை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விட்டது. மருமகள் வீட்டுக்குப் போகாமல் ஒரு வாரம் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார். நஞ்சம்மா மண்டியில் பேசி, காலி கிரேடுகளைக் கழுவி அடுக்குகிற வேலையை வாங்கிக் கொடுத்தாள். தோப்புக்காவலைவிடக் கஷ்டமான வேலை. தண்ணியில் நின்று நின்று கால் ஊறும். “உன்னாலதான் இந்தக் கதி” என்று அவர் தினமும் ஒரு தடவையாவது சொல்வார். நஞ்சம்மா ஆமாம் என்பாள். மத்தியானம் சாப்பாடு அவள் வீட்டில்.

தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாதேஸ்வரி வந்திருந்தபோது மேப்பில் புது எழுத்து ஏறியிருந்தது. மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த கங்கப்பனுக்காக அவள் சத்தமாகப் படித்தாள். புள்ளி வீட்டின்மேல் வந்திருந்தது. கீற்றுக் கூரை. கருங்கல் மேடை, தற்போது குடியிருப்பின் சமையலறை. முதலில் தவறான இடம் காட்டியவர் நஞ்சம்மா, பின்னர் அவரே திருத்தினார். திம்மப்பன் முகத்தைச் சுளித்தான். “அத எடுக்க சொல்லக்கூடாதா?”

“சொன்னன்ல, சொன்னதுதான்” என்றாள் நஞ்சம்மா. “நீ மேல படிம்மா.”

“பார்வையாளர் இருக்கை. உள்ளே பெஞ்சும் மண் தரையும் ஊராருக்கு. காலனி மக்களுக்கு அனுமதி இல்லை, தட்டிக்கு வெளியே நின்று பார்த்தனர். மேற்கு வரப்பில் ஏறிப் பார்த்த சிறுவன் ஒருவனை நில உரிமையாளர் அடித்தார். தகவல், கங்கப்பன்.”

கங்கப்பன் உரித்த கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னொருக்கா படி.”

படித்தாள்.

“நில உரிமையாளர்னுதான் இருக்குதா? பேரு?”

“பேரு போடல தாத்தா.”

“என் பேரு இருக்குது. நஞ்சி பொய் சொன்னது பேரோட இருக்குது. அவரு பேரு ஏன் இல்ல?”

“நீங்க பெரிய எஜமான்னுதான சொன்னீங்கோ. அதான் அந்தக்காவுக்கு தெரிஞ்சிருக்காது.”

கங்கப்பன் முறத்தைத் தள்ளி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணுக்கு போனப் போடு.”

மாதேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். நஞ்சம்மா தலையசைத்தாள். மணி அடித்து, அந்தப் பக்கம் ஜோதிமணி எடுத்ததும், போன் அவர் கைக்குப் போயிற்று. எங்கே பேசுவது என்று தெரியாமல் அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, நான் கங்கப்பன். எழுதிக்கோ” என்றார். “கரியப்பன். க, ரி, யப்பன். அவன்தான் அடிச்சான்.”